மழையில் மாடிக் கண்ணாடி: உயிரோடு விளையாடலாமா?

ஐப்பசி பிறந்தால் திருப்பூருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். ஒன்று தீபாவளி. இன்னொன்று வடகிழக்குப் பருவமழை!

கடை முகப்பு பளபளவென்று இருக்க வேண்டும் என்று முதலாளி நினைப்பதில் தப்பில்லை. குமரன் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் கண்ணாடி வைக்காத புதுக் கட்டடம் அபூர்வம். பனியன் கம்பெனிகளும் அப்படித்தான். "சாயங்காலம் வெளிநாட்டு பையர் வர்றாருங்க, அதுக்குள்ள தொடைச்சுருங்க" என்று அவசரமாக ஆள் விடுகிறார்கள்.

கண்ணாடி கழுவுகிறவர் என்ன செய்வார்? ஈரச் சுவரில் ஏணியைச் சாய்க்கிறார். ஒரு கையில் வாளி, மறு கையில் ரப்பர் கட்டை. இடுப்பில் கயிறு? பல இடங்களில் இல்லை!

"மழையா இருக்குதுங்க, நாளைக்கு வர்றனுங்க" என்று அவர் சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். அன்றைய கூலியும் போச்சு, வாடிக்கையும் போச்சு. நாலைந்து ஆட்களை வைத்துத் தொழில் நடத்தும் சின்ன காண்ட்ராக்டர் பாடு இன்னும் மோசம். வேலை இல்லாத நாளிலும் ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.

இத்தனை ஆபத்தும் எதற்காக? "மழை பெஞ்சா கண்ணாடி அழுக்காயிரும்" என்ற எண்ணம்தான். இது பாதி உண்மைகூட இல்லை. மழைத்துளியில் பெரிதாக அழுக்கு கிடையாது. ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியை நனைத்து, கோடு கோடாக இழுத்து விடுகிறது, அவ்வளவுதான். மழைக்கு முன்பே துடைத்த கண்ணாடியில் மழை பெய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழுவது போர் தண்ணீரால்! தண்ணீர் காய்ந்து விடும். உப்பு கண்ணாடியிலேயே தங்கி விடும். நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு இந்த உப்பின் கதை தெரியும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு லேசில் போகாது.

ஆனால் மழைத் தண்ணீரில் உப்பு மிகவும் குறைவு. முதல் மழையை மொட்டை மாடித் தூசியோடு போக விட்டு, அடுத்த தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால், கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. 2003-லேயே கட்டடத்துக்குக் கட்டடம் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆக்கிய மாநிலம் இது. ஒரு டிரம் வைப்பது பெரிய காரியமா?

உயரத்தில் வேலை செய்கிறவர் விழாமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 32-வது பிரிவே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். இடுப்புக் கயிறு வேண்டும் என்பது மாறுமா? துபாய் புர்ஜ் கலீபாவில் 24 ஆயிரத்துக்கும் மேல் கண்ணாடிகள். அங்கே கயிறு இல்லாமல் ஒருவரைத் தொங்க விடுவார்களா? மூன்று மாடிதானே என்று நாம் மட்டும் அலட்சியம் காட்டலாமா? மூன்றாவது மாடியில் இருந்து விழுந்தாலும் உயிர் போகும்!

மின்கம்பியையும் மறக்கக் கூடாது. ஈரக் கையில் அலுமினிய ஏணியோ நீளக் குழாயோ தூக்கிக் கொண்டு கம்பி ஓரமாகப் போவது எமனைக் கூப்பிடுவதற்குச் சமம். இடி மின்னல் என்றால் யார் கேட்டாலும் கீழே இறங்கி விட வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாளிகள் நாள் கூலியை விட்டுவிட்டு மாத காண்ட்ராக்ட் பேசட்டும். மழை நாளில் உள்பக்கக் கண்ணாடி, விளக்கு, மின்விசிறி. வெயில் வந்ததும் வெளிப்பக்கம். வேலையும் நடக்கும், கூலியும் கிடைக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே வெளி வேலையை முடித்து விட வேண்டும்.

காண்ட்ராக்டர்கள் கயிறும் பெல்ட்டும் இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கு உள்ளவர் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு டீ, ஒரு வடைக் காசு! அதைக்கூடக் கட்டாமல் ஆளை மாடி ஏற்றுவது என்ன நியாயம்?

பையர் வருகிற நாளில் கண்ணாடியில் நாலு கோடு இருந்தால் ஆர்டர் போய்விடாது. ஏணி வழுக்கினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்து விடும். திருப்பூர் முதலாளிகள் இதை யோசிப்பார்களா?