மாதுளை மட்டும் போதுமா?

“கலியாணமாகி ஆறு மாதமே ஆன என் மகனுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப் போகிறார்கள். பிள்ளைப்பேறு பாதிக்குமாமே! தேக்காவில் கருஞ்சீரகமும் மாதுளையும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?” என்று கேட்கிறார் ஒரு தாயார்.

அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அழிப்பதே அந்த மருந்தின் வேலை. அதனால்தான் தலைமுடி கொட்டுகிறது. விந்து உற்பத்தியும் கெடுகிறது. பெண்களுக்குச் சினைமுட்டை குறைகிறது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளில் இந்த ஆபத்து அதிகம்.

கருஞ்சீரகம், மாதுளை இவற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பாதிப்பு குறைந்தது உண்மைதான். மனிதரைக் காக்கும் என்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. பழத்தை உணவாக அளவோடு கொடுங்கள். சூரணம், கஷாயம் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் மருந்தின் வேகத்தைக் கூட்டும், அல்லது குறைக்கும்.

செடியிலிருந்து வந்ததெல்லாம் சாதுவல்ல. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். அதற்காக இலையைக் கசக்கிக் குடித்தால் நஞ்சு!

நம்பத்தக்க வழி ஒன்று உண்டு. முதல் மருந்து ஏற்றுவதற்கு முன்பே விந்தை எடுத்து உறைய வைக்கலாம். பெண்கள் என்றால் சினைமுட்டை எடுக்கச் சுமார் 2 வாரம் பிடிக்கும். தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மருத்துவமனையில் கருத்தரிப்புச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

ஆகவே சந்தைக்குப் போகுமுன் டாக்டரிடம் போங்கள். “என் மகன் தகப்பனாக வழி உண்டா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருந்து ஏறிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.