பூனைக் குடலில் பூசண நோய்

பூனைக்கு வயிற்றுப்போக்குக் கண்டவுடன், வீட்டில் எஞ்சியுள்ள நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை ஊட்டுவது தாராவியிலாயினும் செம்பூரிலாயினும் கைவிடத்தக்க செயலாகும். கேண்டிடா என்னும் ஈஸ்ட் நலமுள்ள பூனையின் குடலிலும் வாழக்கூடியது. அம்மருந்தை நெடுநாள் கொடுப்பின், ஈஸ்டைக் கட்டுப்படுத்தும் பாக்டீரியாக்கள் மடிந்து அது பெருகக்கூடும். பான்லூகோபீனியா என்னும் வைரஸ் நோயும் குடலின் உட்படலத்தைச் சிதைத்துப் பூசணத்திற்கு வழி திறக்கிறது.

ஆயினும், மலத்தில் ஈஸ்ட் காணப்படுவது மட்டும் நோய்க்குச் சான்றாகாது. பூசண இழைகள் திசுவினுள் ஊடுருவியிருப்பதே உறுதியான சான்று. மருந்தும் அதனைப் பொறுத்ததே. 1950இல் அறிவிக்கப்பட்ட நிஸ்டாட்டின் குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிக அரிது. திசுவில் ஊன்றிய நோய்க்கு இட்ராகோனசோல் போன்றவை தேவை.

1886இல் தொடங்கப்பெற்ற பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாட்டுங்காவிற்கு அண்மையிலேயே உள்ளது. முதலில் பரிசோதனை, பின்னரே மருந்து என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு உணர்த்துவார்களாக.