அரை மணி நேர இருட்டு

கார்த்திகை அமாவாசையன்று இரவு 8 மணியளவில், ஊர் விளக்கொளி எட்டாத வெளியில் பெரியவர் ஒருவர் துணையுடன் அமருங்கள். முதலில் சில விண்மீன்களே தெரியும். வெளிச்சத்தில் சிதைந்த ரோடாப்சின் என்னும் நிறமி விழித்திரையில் மீண்டும் உருவாக ஏறத்தாழ 30 நிமிடங்கள் வேண்டும். அதன் பின்னரே, சுமார் 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட்ரோமீடா மண்டலத்திலிருந்து புறப்பட்ட ஒளி, வடவானில் மங்கிய திட்டாகப் புலப்படும். இடையில் செல்பேசித் திரையைப் பார்த்தால் காத்திருந்தது வீண்.

செல்பேசியை நான் பழிக்கவில்லை. அம்மண்டலம் இருக்கும் திசையை அதுவே காட்டும். ஆனால் காண்பதற்கு, அதை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கப் பழக வேண்டும். மனமும் அப்படித்தான் என்பது என் கருத்து. இவ்வாண்டு அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குவீர்களா?