ஆரணியாறும் மலைக்காடும்

ஏரி வற்றினால் வானத்தை நோவது குடியானவர் வழக்கம்; மலையை நினைப்பவர் சிலரே. திருவள்ளூர் ஜில்லாவில் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாய்ப் பழவேற்காட்டு ஏரியிற் கலக்கும் ஆரணியாறு, ஆந்திர ராஜ்யத்து நாகலாபுரம் பக்கத்து மலைச்சாரல்களின் வெள்ளத்தை வாங்கி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து வருவதாகும். 1960-ஆம் வருஷத்து எல்லைத் திருத்தத்தில் சத்தியவேடு பக்கம் ஆந்திரத்தைச் சேர்ந்தது. ஆற்று நீரோ எல்லைக்கல்லை அறியாது.

பாறை மிகுந்த அவ்வறள் மலைகளின் காடு கோடையில் இலையுதிர்த்துக் காய்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையே அதற்கும் நமக்கும் பெரும் ஆதாரம். காடு மழையை வருவிக்குமா என்பதில் வாதமுண்டு. பெய்த மழையைத் தாங்கிக் கொடுக்கும் என்பதில் வாதமில்லை. சருகும் வேரும் உள்ள சரிவில் நீர் மண்ணிலிறங்கி, மழை விட்ட பின்னும் ஓடையாய்க் கசியும். தீயினாலும் மிகுந்த மேய்ச்சலாலும் மொட்டையான சரிவிலோ ஒரே நாளில் புரண்டோடி, மண்ணை அரித்து ஏரியைத் தூர்க்கும்.

ஆற்றுமணலில் ஊறும் நீர் குறைவது சிறு நஷ்டமன்று. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் கழனிகளுக்கும் அளவின்றி இறைத்ததனால், மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து கிணறுகள் உப்பாயின.

ஆகவே, ஏரியைத் தூர்வாரியதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணலாகாது. எல்லைப்புறக் கிராமத்தார் கோடையில் காட்டுத்தீயைத் தடுக்கவும், நம் பக்கத்துப் புதர்க்காடுகளைக் காக்கவும் வன இலாகாவுக்குத் துணைநிற்றல் வேண்டும். கிராம அதிகாரிகள் ஐப்பசிக்கு முன்னரே வரத்துக்கால் ஆக்கிரமிப்புகளை அகற்றுவிப்பார்களாக. இரு ராஜ்யத்து இலாகாக்களும் கலந்து இச்சாரல்களைப் பேணும்படி பஞ்சாயத்துகள் தீர்மானம் செய்து அனுப்புதல் நலம்.