சேவலை மாற்றச் சொல்வதற்கு முன்

அடை வைத்த முட்டையில் பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போய்விட்டது, சேவல் சரியில்லையா சார் என்ற கேள்வி கோடை முழுக்க நம் கால்நடை மருந்தகங்களுக்கு வருகிறது. சேவலை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். முட்டையைப் பார்க்காமல் சொல்லும் இந்தப் பதிலை நாம் கைவிட வேண்டும்.

பொரியாதது எல்லாமே ஊர் வழக்கில் கூமுட்டை. மருத்துவருக்கு அது போதாது. அடை வைத்த ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், வளரும் கருவில் இரத்த நாளங்கள் சிலந்தி வலையாகக் கிளைத்திருக்கும். எதுவும் தெரியாத முட்டைகளை ஒரு தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒழுங்கற்ற சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கருக்கூடவில்லை, சேவலைச் சந்தேகிக்கலாம். சிவந்த வளையம் இருந்தால் கரு கூடி, முதல் சில நாள்களிலேயே இறந்திருக்கிறது. அங்கே சேவல் மீது பழி போடுவது தவறு.

பெரும்பாலும் கோளாறு முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தில்தான். வெப்பம் சுமார் 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் பத்துப் பதினைந்து நாள் கிடந்த முட்டை எப்படிப் பொரியும்? ஈர மணலில் பதித்த மண்பானையில், ஒரு வாரத்துக்கு மிகாமல் வைக்கச் சொல்லுங்கள்.

சேவலுக்கும் வெயில் எதிரிதான். கோழியினத்தின் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி. விந்தகங்களும் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. கடும் வெப்பத்தில் விந்தின் தரம் இறங்கும். புதிய விந்தணு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், வெயில் தணிந்த மறுநாளே பலனை எதிர்பார்க்கக் கூடாது. மே மாதத்தில் தேறாத சேவல் ஆகஸ்டில் தேறலாம். நல்ல சேவலை அவசரப்பட்டுக் கறிக்கு அனுப்ப வைக்காதீர்கள்.

இன்னொன்று, மந்தையை ஆளும் சேவல்தான் கருக்கூட்டும் சேவல் என்ற நம்பிக்கை. அதன் விந்து மோசமாக இருந்தாலும் மற்ற சேவல்களை அது மிதிக்க விடாது. உள்ளங்கால் புண், கனத்த உடல், நீண்டு வளைந்த முள், ஆசனவாயைச் சுற்றிய பேன் ஆகியவையும் சேவலைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூடினால் சண்டைதான் மிச்சம். பெட்டைகளின் முதுகில் இறகு நிற்காது.

சேவலை மாற்றினாலும் பெட்டை முன்பு பெற்ற விந்தைக் கருக்குழாயில் இரண்டு மூன்று வாரம் சேமித்து வைத்திருக்கும். மூன்று வாரம் கழிந்த பிறகு இட்ட முட்டைகளைத்தான் புதுச் சேவலின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது சேவல் தேர்வு. ஆடியிலும் கோயில் கொடையிலும் வாட்டசாட்டமான சேவல்கள் விலைக்குப் போய்விடுகின்றன. விற்காமல் மிஞ்சியது தன் உடன்பிறந்த பெட்டைகளையே மிதிக்கிறது. தலைமுறை தலைமுறையாக இது தொடர்ந்தால் பொரிப்புத் திறன் குறையத்தான் செய்யும். பக்கத்து ஊரோடு சேவலை மாற்றிக்கொள்ளச் செலவே இல்லை. பிப்ரவரியில் நடக்கும் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் ஒவ்வொரு கோழியும் நம் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் சேவலின் காலையும் முள்ளையும் பாருங்கள். அது யார் வீட்டுக் குஞ்சு என்று கேட்டு எழுதி வையுங்கள்.