அழகு கெட்டுப்போகுதாம்!

கலிபோர்னியாவில் நான் குடியிருக்கும் வளாகத்தின் வீட்டு உரிமையாளர் சங்கம் என் விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறது. நான் கேட்டது மாடி அல்ல, மாளிகை அல்ல. சக்கர நாற்காலியில் இருக்கும் என் அம்மா வாசல் ஏறி வர ஒரு சாய்தளம். செலவும் என்னுடையது. வந்த பதில் ஒரே வரி: வளாகத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாது.

யாரு தோற்றம்? யாரு அழகு?

இந்த அழகுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1911இல் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தெரு ஒன்றில் வீட்டுக்காரர்கள் கூடி ஒப்பந்தம் போட்டார்கள்: கறுப்பரும் மங்கோலிய இனத்தாரும் 50 ஆண்டுகளுக்கு அங்கே குடியிருக்கக் கூடாது. 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அந்தத் தெருவில் வீடு வாங்கியது. வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்கள். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு விற்பதில், வாடகைக்கு விடுவதில் நிறவெறிக்குத் தடை வர 1968 ஆயிற்று. பல பழைய பத்திரங்களில் அந்த வரிகள் இன்றைக்கும் அழியாமல் கிடக்கின்றன.

என் சாதியைத் தெரிந்துகொண்டுதான் மறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. காரணம் சொல்லாமல் மறுக்கும் அதிகாரம் இருக்கும்வரை, எந்த வன்மமும் 'அழகு' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளி தன் செலவில் செய்யும் நியாயமான, அவசியமான மாற்றத்தை மறுப்பதே பாகுபாடு என்கிறது 1988இல் திருத்தப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம். மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், மறுபரிசீலனைக்கு வழி சொல்ல வேண்டும் என்கிறது கலிபோர்னியச் சட்டம். அந்த மறுபரிசீலனையும் நிர்வாகக் குழுவின் திறந்த கூட்டத்தில் நடக்க வேண்டும். அங்கேயும் மறுத்தால், ஓராண்டுக்குள் கூட்டாட்சி வீட்டுவசதித் துறையிடம் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம்.

நம்மாளுங்களே சொல்றாங்க: "வந்த எடத்துல எதுக்குப்பா வம்பு? தலைவரத் தனியாப் பாத்து ஒரு வார்த்த சொல்லிடு." பண்ணையார் வீட்டுப் பின்வாசலில் துண்டைக் கக்கத்தில் வைத்து நின்ற அதே வழிதான் இது. அப்படி வாங்குவது சலுகை. கொடுத்தவனே நாளைக்குப் பிடுங்கிக்கொள்வான்.

மகத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் பொது என்று அறிவித்தது 1924இல். ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் இருக்கிற உரிமை தானாக நடந்து வீட்டுக்கு வராது.

எனவே மறுபரிசீலனை கேட்டு எழுதிவிட்டேன். தனியறைப் பேச்சு கிடையாது. திறந்த கூட்டத்தில், அம்மாவும் பக்கத்தில் இருக்க, ஒரே கேள்வி கேட்பேன்: எங்க சாய்தளத்தால எந்த விதி மீறப்படுது? காட்டு.

மாணவத் தோழர்களே! விடுதியிலோ அலுவலகத்திலோ 'வழக்கமில்லை', 'பொருந்தாது' என்று உங்களைத் திருப்பி அனுப்பினால் கெஞ்சாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பேருக்குக் கை நடுங்கும்.