நோம்பிக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி முடிந்ததும் கோயில் முன்பு ஒரு கூட்டம் நடக்கும். தலைக்கட்டு வரி எவ்வளவு சேர்ந்தது, பந்தலுக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவு, மிச்சம் யார் கையில் என்று ஒருவர் நோட்டைப் பார்த்து உரக்கப் படிப்பார். நூறு ரூபாய் இடித்தாலும் "அதென்னுங்க கணக்கு?" என்று ஒரு குரல் எழும். பதில் வரும்வரை யாரும் எழுந்து போக மாட்டார்கள். கோவையை அடுத்த சூலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அதே ஊரின் அரசுப் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

அந்த உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்களோ அந்த அளவுக்கு அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் தர வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் மானியம் சரியாகச் செலவாகிறதா என்று கண்காணிப்பது ஆகியவை குழுவின் வேலை. அரசு தரும் நிதிக்கு அந்த வளர்ச்சித் திட்டமே அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு. தறி ஓட்டும் ஒரு தாய் கைதூக்கி நிறைவேற்றும் தீர்மானத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் எடை இது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் பெயரளவில்தான் இருந்தன. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டம் கூட்டப்பட்டு, அடுத்து வந்த மாதங்களில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் குழுக்கள் புதிதாக அமைந்தன. 2024 ஆகஸ்டில் மீண்டும் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம். தீர்மானங்கள் செயலியில் பதிவாகின்றன. ஏற்பாட்டில் பெரிய குறை சொல்ல முடியாது.

பிற்பகல் மூன்று மணிக்கு யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்குப் போகிறவர்களுக்கும் திருச்சி சாலையோர மில்களில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் அது வேலை நேரம். ஒரு கூட்டத்தில் பார்வையாளனாக நான் உட்கார்ந்திருந்தபோது ஐந்தாறு பேர்தான் வந்திருந்தார்கள். மற்றவர்களின் கையெழுத்துக்காக நோட்டு வீடு வீடாகப் போனது. மறுநாள் ஒரு உறுப்பினரைப் பார்த்துக் கேட்டேன். "வரோணும்னுதானுங்க இருக்குது. வந்தா அரைநாள் கூலி போயிருமுங்க. அங்க என்ன பேசுவாங்கன்னும் முன்கூட்டித் தெரியறதில்லீங்க" என்றார். அவர் சொன்ன இரண்டாவது காரணம் எனக்கு முதலாவதைவிடக் கனமாகப் பட்டது. எதற்காகப் போகிறோம் என்று தெரியாத இடத்துக்காக யார் அரைநாள் கூலியை விடுவார்கள்?

என்ன பேசப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்றொரு வகை உண்டு. அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், தனி ஆட்சிக் குழுவின் பொறுப்பில் நடப்பவை. 1991இல் மின்னசோட்டா மாநிலம் இதற்கு முதல் சட்டம் போட்டது. கலிபோர்னியாவில் உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற சட்டம் 1953 முதலே இருக்கிறது. அது சார்ட்டர் பள்ளிகளையும் கட்டுப்படுத்தும் என்று 2019இல் அந்த மாநிலம் தெளிவாகச் சட்டமாக்கியது. வழக்கமான கூட்டம் என்றால், பேசப்போகும் பொருள்களை 72 மணி நேரம் முன்பே பொதுவில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய தாளில் இல்லாததைப் பற்றிப் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது. வந்திருக்கும் எவரும் பேச நேரம் ஒதுக்க வேண்டும். அந்தப் பள்ளிகளால் நன்மையா தீமையா என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. மூன்று நாள் முன்பு கேட்டில் ஒட்டப்படும் அந்த ஒற்றைத் தாள் மட்டும் நமக்குப் போதும்.

அதற்குப் பெரிய செலவில்லை. சத்துணவுக் கூடத்துக் கூரை, பெண்பிள்ளைகள் கழிவறை, மாலை நேரம் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறவர்கள் என்று நாலே வரிகள். கீழே வரவு செலவு இரண்டு வரி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, 101 முதல் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்டருகே நின்று படிக்கும் பெற்றோரே அடுத்த கூட்டத்தில் கேள்வியோடு வந்து உட்காருவார்.

தலைமையாசிரியர்கள் மீது மட்டும் இந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. பாடம், பதிவேடு, செயலி என்று அவர்கள் ஏற்கெனவே மூச்சு முட்டுகிறார்கள். தாளை எழுதி ஒட்டுவதை முன்னாள் மாணவர் உறுப்பினர் ஏற்றுக்கொள்ளலாம். மில், தறிப்பட்டறை முதலாளிகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வகுப்பறை கட்டிக்கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறித்த குடும்பங்கள் இங்கே நிறைய. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகக் கேட்டதும் இத்தகைய கொடையைத்தான். அந்தக் கை இன்றைக்கும் வற்றவில்லை. உங்களிடம் வேலை செய்யும் குழு உறுப்பினருக்கு மாதத்தில் இரண்டு மணி நேரம், கூலி பிடிக்காமல் விடுங்கள். வகுப்பறைக்குக் கொடுத்ததற்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

சூலூர் பேரூராட்சி, சுற்றிலும் கிராம ஊராட்சிகள். ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. ஊராட்சிப் பள்ளிகளின் வளர்ச்சித் திட்டம் அங்கே வாசிக்கப்பட வேண்டும். பேரூராட்சியில் வார்டு உறுப்பினர் அதை மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரில் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும், நடப்பதைப் பக்கத்திலிருந்து எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலையை அவர்கள் பிள்ளையே செய்துவிடும். அந்தப் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு, செவ்வாய்க்கிழமையே கேட்டில் தாள் ஒட்டப்படட்டும். முதல் வரியில் பெண்பிள்ளைகள் கழிவறைக்குத் தண்ணீர்க் குழாய் என்று எழுதுவோம். அடுத்த மாதத் தாளின் முதல் வரி, அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது.